கல் உடைக்கலாம், கல் படிக்கக் கூடாதா?

“ஜியாலஜியா? பொம்பளப் புள்ளைக்கு அது எதுக்கு?”

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்து கல்லூரி விண்ணப்பங்களை நிரப்பும் நாள்களில் எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் இந்தக் கேள்வி எழும். எழும் என்று சொல்வதுகூட மிகை. அப்படி ஒரு படிப்பு இருப்பது தெரிந்து, அதைத் தன் விருப்பமாகச் சொல்லவும் துணிந்த பெண் இருக்கும் வீட்டில்தான் எழும். மற்ற வீடுகளில் பட்டியல் முன்பே தயார். நர்சிங், பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ், இல்லையென்றால் ஏதாவது ஒரு டிகிரி, அதற்குமேல் ஒரு பி.எட். பெண்ணுக்கு ஏற்ற படிப்பு என்று நாம் சொல்வதெல்லாம் நான்கு சுவருக்குள் நடக்கிற படிப்பு. நான்கு சுவருக்குள் முடிகிற வேலைக்கான படிப்பு.

சுவருக்கு வெளியே நடக்கிற ஒரு படிப்பைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன். தொல்லுயிரியல். மண்ணுக்குள் புதைந்து கல்லாகிப்போன உயிர்களைப் படிக்கும் அறிவியல். நம் கல்லூரிகளில் இளநிலையில் இதற்கென்று தனிப் பட்டம் இல்லை. பி.எஸ்ஸி. ஜியாலஜிக்குள் ஒரு பாடமாகவும் செய்முறை வகுப்பாகவும் களப்பயணமாகவும் இருக்கிறது. கனிமங்களையும் பாறைகளையும் பாறை அடுக்குகளின் வரிசையையும் படிக்கிற மாணவி, அந்த அடுக்குகளில் கிடக்கும் சிப்பியையும் சுருள்நத்தையையும் கடல்முள்ளெலியையும் அம்மோனைட்டையும் அடையாளம் காணப் பழகுகிறாள். பென்சிலால் வரைந்து பாகம் குறிக்கிறாள். எந்த உயிர் எந்தக் காலத்தது என்று கற்று, அதைக் கொண்டு பாறையின் வயதைச் சொல்கிறாள். திருச்சி தேசியக் கல்லூரியில், தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரியில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஜியாலஜித் துறைகள் இருக்கின்றன. பொறியியல் படிப்பைப் போல லட்சங்களைக் கேட்கிற படிப்பும் இல்லை இது.

இதைப் படிக்க நம்மைவிடத் தோதான இடத்தில் பிறந்தவர்கள் குறைவு. புதுக்கோட்டையின் மேற்கே நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலைப் பாறைகள் மிகப் பழையவை. பூமியின் ஆழத்தில் வெந்தும் உருகியும் உருவானவை. அவற்றில் உயிரின் தடத்தைத் தேட முடியாது. ஆனால் திருச்சியைத் தாண்டி வடக்கே போனால் காரை, கருடமங்கலம், சாத்தனூர், அரியலூர் என்று கடல் கிடந்த நிலம் விரிகிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே அலை அடித்திருக்கிறது. அந்தக் கடலின் சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் இன்று ஓடைக்கரையில் கிடக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் படுத்திருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940இல் அதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். அரியலூரின் சிமெண்ட் ஆலைகள் அரைக்கிற சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுச் சென்றது. நம் வீட்டுச் சுவரிலும் அந்தக் கடல் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இந்த நிலம் உலகப் புகழ் பெற்றுவிட்டது. இங்கே சேகரித்த படிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் லண்டனில் விவரித்து எழுதினார். பிறகு பிளான்ஃபோர்ட் இந்த நிலத்தை அளந்து வரைந்தார். ஸ்டோலிச்கா தொகுதி தொகுதியாக எழுதினார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற நம் ஊர்ப்பெயர்கள் பாறைக் குழுமங்களின் பெயர்களாக உலக நூல்களில் ஏறின. எங்கோ ஒரு நாட்டில் ஜியாலஜி படிக்கிற பெண்ணுக்கு அரியலூர் தெரிந்திருக்கும். அரியலூருக்குப் பேருந்தில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கிற பெண்ணுக்கு ஜியாலஜி என்ற சொல்லே தெரிவதில்லை.

ஏன்? வீட்டில் கேட்டால் நான்கு காரணங்கள் சொல்வார்கள். வெயிலில் அலைய வேண்டும். வெளியூரில் தங்க வேண்டும். வேலை கிடைக்காது. மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது? நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*

முதலில் வெயில்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் நின்றுகொண்டு ‘பெண்ணுக்கு வெயில் ஆகாது’ என்று சொல்ல ஒருவருக்கு நிறையத் துணிச்சல் வேண்டும். நூறுநாள் வேலையில் கண்மாய்க்குள் குனிந்து மண் வெட்டுகிறவர்கள் யார்? முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்குகிறவர்கள் யார்? கல்குவாரியில் சம்மட்டியும் கையுமாக உட்கார்ந்து ஜல்லி உடைத்தவர்கள் யார்? தொல்லியல் துறை குழி வெட்டுகிற இடத்தில் கூடைகூடையாக மண் சுமந்து, சல்லடையில் சலித்து, பானை ஓடு வேறு கல் வேறு என்று பிரித்துத் தருகிற கைகள் யாருடையவை?

இவர்களில் எவரையும் பார்த்து ‘வெயிலில் கறுத்துப் போவாய்’ என்று யாரும் சொல்வதில்லை. கூலி வேலைக்கு வெயில் தடையில்லை. அதே நிலத்தில், அதே வெயிலில், ஒரு பெண் கையில் சுத்தியலோடு தோளில் பையையும் பையில் குறிப்பேட்டையும் வைத்துக்கொண்டு நடந்தால் மட்டும் வெயில் சுடத் தொடங்குகிறது. ஆக, வெயில் காரணம் இல்லை. உடம்பை மட்டும் கொண்டு கல்லிடம் போகிற பெண் நமக்குப் பழக்கமானவள். அறிவைக் கொண்டு கல்லிடம் போகிறவளைக் கண்டால்தான் கை நடுங்குகிறது.

இதில் சாதியும் இருக்கிறது. குவாரியில் கல் உடைக்க வந்த பெண்கள் பெரும்பாலும் நிலமில்லாத வீட்டுப் பெண்கள், அவர்களில் பலர் தலித் பெண்கள். அவர்களுடைய தோல் கறுப்பதைப் பற்றி ஊருக்குக் கவலை இருந்ததில்லை. ‘நம் வீட்டுப் பெண்’ வெயிலில் நிற்கக்கூடாது என்ற பேச்சு, ‘நாம் கூலிக்காரர்கள் இல்லை’ என்ற பேச்சின் மறுபக்கம். படித்து முன்னேறிய கூலிக்காரர் வீட்டிலும் இதே பேச்சு வந்து சேர்கிறது. ‘நான் வெயிலில் பட்ட பாட்டை என் மகள் படக்கூடாது’ என்று ஒரு தாய் சொல்லும்போது அந்தச் சொல்லின் வலியை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தாயிடம் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா, உங்களைச் சுட்டது வெயில் மட்டும் இல்லை. நாள் முழுக்க வேலை பார்த்தும் கை நிறையாத கூலியும், உடைத்த கல்லின்மேல் உங்களுக்கு உரிமை இல்லாமல் போனதும் சேர்ந்துதான் சுட்டன.

இந்த மாவட்டத்துக்கு அது தெரியும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே எழுச்சியாக நடந்தபோது, குடுமியான்மலைப் பகுதியில் கல்குவாரிகளின் குத்தகை பெண்கள் குழுக்களுக்குக் கிடைத்தது. அதுவரை ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு உடைத்தவர்கள் குத்தகைதாரர்கள் ஆனார்கள். கணக்கைத் தாங்களே பார்த்தார்கள். கல் அதேதான், வெயிலும் அதேதான். கல்லின்மேல் அவர்களுக்கிருந்த உரிமை மாறியது. உரிமையின் அடுத்த படி அறிவு. உடைக்கிற கல் எந்தக் காலத்துக் கல், எப்படி உருவானது, எவ்வளவு பெறும் என்று சொல்லக்கூடிய மகள் அந்த வீடுகளிலிருந்து வந்திருக்க வேண்டும். அங்கேதான் நாம் நின்றுவிட்டோம்.

*

அடுத்தது வெளியூர்.

தமிழ் படித்தவள் என்பதால் இந்தத் தடையின் வேரை என் பாடத்துக்குள்ளேயே பார்க்கிறேன். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்கிறது. எவ்வளவு பெரிய சிந்தனை! இடத்தையும் காலத்தையும் வைத்துத்தான் எதையும் புரிந்துகொள்ள முடியும் என்பது ஜியாலஜியின் முதல் பாடமும்கூட. ஆனால் அந்த நிலத்தில் யார் நடக்கலாம்? பொருளுக்காகப் பிரிகிறவன் ஆண். ஓதலுக்காக, அதாவது படிப்புக்காகப் பிரிகிறவனும் ஆண். பெண்ணோடு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்று அதே நூல் விதிக்கிறது. அவன் பாலையைக் கடக்கிறான், அவள் வாசலில் நாள் எண்ணிச் சுவரில் கோடு போடுகிறாள். உடன்போக்கில் அவளும் பாலையில் நடக்கிறாள்தான், ஆனால் ஒருவனின் பின்னால். தனக்கென்று ஒரு வேலையை வைத்துக்கொண்டு அந்த நிலத்தில் நடந்த பெண்ணுக்கு நம் இலக்கணத்தில் துறை வகுக்கப்படவில்லை. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்று நாம் பெருமைப்படும்போது இந்தப் பழமையையும் சேர்த்துத்தான் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

இன்று அந்த விதி கல்லூரிச் சுற்றறிக்கையாக வருகிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் பகுதி ஒன்று தமிழ் வகுப்புக்கு ஜியாலஜி மாணவர்களும் வருவார்கள். ஓராண்டு அந்தத் துறையின் களப்பயணம் ஐந்து நாள். மாணவர்கள் ஐந்து நாளும் போனார்கள். மாணவிகளை முதல் நாள் மட்டும் அழைத்துப் போய் மாலை ஆறு மணிக்குள் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். மீதி நான்கு நாளுக்கான களக்குறிப்பை ‘பசங்ககிட்ட வாங்கிப் பார்த்து எழுதிக்கோங்க’ என்றார்கள். ஆறு பெண்கள், தாங்கள் பார்க்காத பாறை எந்தத் திசையில் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று, கையெழுத்து மட்டும் அழகாக, எழுதி முடித்தார்கள். மதிப்பெண்ணும் கிடைத்தது. அவர்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “மேம், நாளைக்கு இண்டர்வியூல இந்தப் பாறைய நீ பாத்தியான்னு கேட்டா நான் என்ன சொல்றது?”

அவள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அவளல்ல. அந்தப் பயணத்துக்குப் பெண் ஆசிரியர் ஒருவரை உடன் அனுப்பாத நிர்வாகம். தங்கும் விடுதிக்கு இரண்டு அறை கூடுதலாகப் போட மனமில்லாத கணக்கு. ‘பொறுப்பு யார் ஏற்பது?’ என்று கேட்டுக் கையெழுத்திட மறுத்த மேசை. பாதுகாப்பு என்ற சொல்லை நாம் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். பெண்ணைப் பாதுகாப்பாக அழைத்துப் போவது ஒரு வேலை. அதற்குத் திட்டமும் பணமும் ஆளும் வேண்டும். பெண்ணை அழைத்துப் போகாமல் விடுவது வேலையே இல்லை. இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதைச் செய்ததாகச் சொல்லிக்கொள்வதற்குத்தான் பாதுகாப்பு என்ற சொல் இங்கே பயன்படுகிறது.

களத்தில் கழிப்பறை இல்லை, மாதவிடாய் நாளில் என்ன செய்வாள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நடவு வயலிலும் குவாரியிலும் நூற்றாண்டுகளாகக் கேட்கப்படாத கேள்வி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் பதில் சொல்வோம். வழியில் எந்த ஊரில் எந்தப் பள்ளியில் கழிப்பறை திறந்திருக்கும் என்று முன்கூட்டிப் பேசி வைக்கலாம். மறைப்புக்கூடாரம் ஒன்றை வண்டியில் எடுத்துப் போகலாம். உடம்பு முடியாத நாளில் உட்கார்ந்து படம் வரையவும், வேறொரு நாளில் நடந்து முடிக்கவும் அனுமதிக்கலாம். பாறை ஓடிவிடாது.

வெளியே போன பெண்களால்தான் இந்த ஊருக்குப் பெயர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கக்கூடாது என்று எதிர்ப்பு எழுந்தபோது, மன்னரின் அனுமதியோடு உள்ளே நுழைந்தவர் முத்துலட்சுமி. பின்னாளில் மருத்துவராகவும் சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராக நின்றவராகவும் நாடு அறிந்த முத்துலட்சுமி ரெட்டி. அறிவொளி நாள்களில் இதே மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில் போன பெண்களைப் பார்த்துக் கேலி பேசியவர்கள் இருந்தார்கள். அந்தக் கேலி எங்கே போயிற்று? அந்தப் பெண்களின் பேத்திகள் இன்று ஸ்கூட்டியில் கல்லூரிக்கு வருகிறார்கள். சைக்கிளுக்கு வழிவிட்ட ஊர் களப்பயண வேனுக்கும் வழிவிடும்.

*

மூன்றாவது, வேலை.

இந்தக் காரணத்தில் ஒரு பகுதி உண்மை. அந்த உண்மையை உண்டாக்கியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். ஜியாலஜி படித்தவர்களுக்கு வேலை தரும் பெரிய இடங்களில் ஒன்று சுரங்கம். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, பெண்ணை நிலத்தடிச் சுரங்கத்தில் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. தரைக்கு மேலே என்றாலும் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் என்றது. பணிமுறை மாறி மாறி வருகிற ஒரு தொழிலில் இப்படி ஒரு விதி இருந்தால் முதலாளி யாரை எடுப்பார்? 2019இல்தான் ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட்டு, திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவுப் பணிக்கும், நிலத்தடியில் தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்கும் பெண்களை அவர்கள் சம்மதத்தோடு அமர்த்தலாம் என்று வழிவிட்டது. ஆக, 67 ஆண்டுகள் சட்டமே கதவைச் சாத்தி வைத்திருந்தது. சாத்திய கதவைக் காட்டி ‘பார், உள்ளே பெண்களே இல்லை, அது பெண்களுக்கான துறை இல்லை’ என்று சொன்னோம். கதவு திறந்தபிறகும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கல்லூரியில் சேர நினைக்கும் மாணவிக்குச் சில விவரங்கள். பி.எஸ்ஸி. ஜியாலஜியோடு நின்றால் வேலை குறைவுதான். அதற்குமேல் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும். ஐ.ஐ.டி.களில் சேர ஜாம் என்ற நுழைவுத்தேர்வில் ஜியாலஜித் தாள் உண்டு. முதுகலை முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வை எழுதலாம். 1851இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அந்த வழியில்தான் ஆள் எடுக்கிறார்கள். மாநில அரசில் நிலவியல், சுரங்கத் துறை இருக்கிறது. தொல்லுயிரியலையே தொடர விரும்பினால் லக்னோவில் பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம் இருக்கிறது. எளிதான பாதை இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி வைத்திருக்கும் மற்றப் பட்டங்களெல்லாம் எளிதாக வேலை வாங்கித் தந்துவிட்டனவா? பி.எட். முடித்துவிட்டுத் தனியார் பள்ளியில் வெளியே சொல்ல முடியாத சம்பளத்துக்கு நிற்கிற பெண்களை எனக்குத் தெரியும். அந்தப் படிப்பைப் பற்றி ‘வேலை கிடைக்காது’ என்று யாரும் தடுக்கவில்லை. ஏனென்றால் அது நாலாவது காரணத்தோடு ஒத்துப்போகிறது.

நாலாவது காரணம் மாப்பிள்ளை. அதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. மகளின் படிப்பை இன்னும் முகம் தெரியாத ஒரு குடும்பத்தின் வசதிக்காகத் தேர்ந்தெடுக்கிறோம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், மற்ற மூன்று காரணங்களும் அதன்மேல் போர்த்திய துணி என்று தெரிந்துபோகும். அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. என்ன படிக்க வேண்டும் என்று அந்தப் பணம் கட்டளையிடவில்லை. கட்டளை வீட்டிலிருந்து வருகிறது.

*

‘சரி, பழைய எலும்பையும் சிப்பியையும் படிப்பதால் பெண்களுக்கு என்ன வந்துவிடப் போகிறது?’ பெண்ணிய வட்டங்களிலேயே இப்படிக் கேட்பவர்கள் உண்டு. எழுத்தும் உடலும் அரசியலும் நம்முடையவை, பாறை வேறு யாருடையதோ என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அவர்களுக்கு நெடுவாசலை நினைவூட்டுகிறேன்.

2017 பிப்ரவரியில் ஆலங்குடி வட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக மக்கள் திரண்டார்கள். நாள்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தவர்களில் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். தங்கள் நிலத்தின் மேற்பரப்பைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது இல்லை. எந்த மண்ணில் கடலை, எந்த மண்ணில் சோளம், எத்தனை அடியில் தண்ணீர் என்று சொல்வார்கள். ஆனால் சண்டை நடந்தது மேற்பரப்பைப் பற்றி இல்லை. ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே இருப்பதைப் பற்றி. கீழே இருப்பதைப் பற்றிய அறிக்கை வேறு மொழியில் இருந்தது. ஆங்கிலம் என்று சொல்லவில்லை. ஜியாலஜி என்ற மொழி.

அந்த மொழியில் தொல்லுயிரியலுக்கு என்ன இடம்? அரியலூரில் தரையில் தெரிகிற காலத்துப் பாறை அடுக்குகள் காவிரிப் படுகையின் கீழே ஆழத்தில் புதைந்திருக்கின்றன. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் துளை போடுகிறவர்கள், துளையிலிருந்து வரும் கல்தூளை நுண்ணோக்கியில் வைத்து, மணல்பருக்கை அளவே உள்ள ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளைத் தேடுகிறார்கள். எந்த வகை ஓடு இருக்கிறது என்பதைக் கொண்டு, துளை எந்தக் காலத்து அடுக்கை எட்டியிருக்கிறது என்று கணிக்கிறார்கள். செத்துப்போன பூச்சி பொட்டுகளைப் பற்றிய வெற்று ஆராய்ச்சி என்று நாம் நினைக்கிற படிப்பு, நம் நிலத்தை எங்கே துளைக்கலாம் என்று முடிவு செய்கிற மேசையில் இருக்கிறது.

எதிர்த்து நின்றதற்குப் பலன் இருந்தது. 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தபோது புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களும் அதில் சேர்ந்தன. ஆனால் சட்டங்கள் மாறும், திட்டங்கள் வேறு பெயரில் திரும்பி வரும். அடுத்த முறை அந்தப் பந்தலில் உட்காரும் பெண்களில் ஒருத்தி ஆழ்துளை அறிக்கையை வாங்கிப் படித்து, ‘இந்த வரியில் சொல்வது இது, சொல்லாமல் விட்டது இது’ என்று ஊருக்குச் சொல்லக்கூடியவளாக இருக்க வேண்டாமா? அதே படிப்பு துளைப்பவருக்கும் உதவும், தடுப்பவருக்கும் உதவும். அதனால்தான் அது யார் கையில் இருக்கிறது என்பது முக்கியம்.

*

கல்லைத் தொடவும் நமக்குத் தடை இருந்திருக்கிறது. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமம், வைணவ வீடுகளில் திருமாலாகப் பூசிக்கப்படும் கருங்கல், உண்மையில் ஓர் அம்மோனைட். இமயமலைக்கு முன் அங்கே இருந்த கடலில் நீந்திய உயிரின் படிவம். உடைந்த சாளக்கிராமத்தில் தெரியும் சக்கரம் அதன் ஓட்டின் சுருள். வைதிக மரபு பலவற்றில் பெண் அதைத் தொட்டுப் பூசை செய்யக்கூடாது. ஒரு கடலுயிர் கடவுளாகலாம், ஆனால் ஒரு பெண்ணின் கை பட்டால் அதன் கடவுள்தன்மை போய்விடும்! ஜியாலஜி ஆய்வகத்தில் அதே அம்மோனைட்டை ஒரு மாணவி கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துச் சுருள்களை எண்ணுகிறாள். இதைவிட அமைதியான ஒரு புரட்சி எனக்குத் தெரியவில்லை.

அறிவியலும் பெண்களுக்கு எளிதில் இடம் கொடுத்துவிடவில்லை. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி ஆன்னிங் என்ற ஏழைத் தச்சரின் மகள் பாறைச் சரிவுகளில் ஏறி இக்தியோசாரையும் பிளீசியோசாரையும் வெட்டி எடுத்தார். விலைக்கு வாங்கிய கனவான்கள் அவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பெயர் பெற்றார்கள். அவர் 1847இல் இறந்தார். லண்டன் நிலவியல் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919இல். நம் நாட்டில் லக்னோ நிறுவனத்துக்கு 1949 ஏப்ரலில் நேரு அடிக்கல் நாட்டினார். ஒரே வாரத்தில் அதை உருவாக்கிய பீர்பால் சாஹ்னி இறந்துபோனார். அதன்பின் 20 ஆண்டுகள் அதைத் தலைமையேற்றுக் கட்டி எழுப்பியவர் அவருடைய மனைவி சாவித்திரி சாஹ்னி. நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் கணவர் பெயர் மட்டும் இருக்கிறது.

ஆனாலும் பெண்கள் போனார்கள். சுதீப்தா சென்குப்தா என்ற வங்கத்து ஜியாலஜிஸ்ட் மலையேற்றம் கற்று, 1983இல் அண்டார்க்டிகா போன இந்தியக் குழுவில் இடம்பெற்றுப் பாறைகளைப் படித்தார். லக்னோ நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்த வந்தனா பிரசாத் 2005இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வைப் பற்றி என் மாணவிகளிடம் அடிக்கடி சொல்வேன். மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த, கல்லாகிப்போன டைனோசர் சாணத்துக்குள் புல்லின் நுண்சிலிக்காத் துகள்களை அவர்கள் கண்டார்கள். அதில் நெல்லின் உறவுக்காரப் புற்களும் இருந்தன. டைனோசர்கள் அழிந்த பிறகே புல் பரவியது என்று அதுவரை நினைத்திருந்த உலகம் கணக்கைத் திருத்திக்கொண்டது. சிலிக்கா என்றால் பயப்பட வேண்டாம். வைக்கோல் பிரி திரிக்கும்போது கையை அறுக்குமே, புல்லுக்கு அந்தச் சொரசொரப்பைத் தருவது அதுதான். சாணமும் வைக்கோலும் நம் பாட்டிகளின் கைக்குத் தினமும் பட்டவை. அந்தக் கைக்கு ஒரு நுண்ணோக்கி கிடைத்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள்.

படிக்க ஆளில்லாத நிலம் என்னவாகும் என்பதற்கும் நம் அருகிலேயே சான்று உண்டு. 1980களில் அரியலூர் வட்டாரத்தில் ஒரு ராட்சத விலங்கின் எலும்புகளை யாதகிரியும் அய்யாசாமியும் கண்டு புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். உலகில் வாழ்ந்த மிகப்பெரிய தரைவிலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் அதைப் பற்றி விவாதம் நடக்கிறது. விவாதத்தைத் தீர்க்க எலும்பு இல்லை. மழையும் ஈரமும் பட்டு நொறுங்கி மண்ணாகிவிட்டது. ஓடைக்கரையில் ஆடு மேய்க்கிற பெண்ணுக்கும் அந்த ஊர்ப் பள்ளி மாணவிக்கும் புதைபடிவம் என்றால் என்ன என்று தெரிந்திருக்கிற ஒரு மாவட்டத்தில், இன்னும் வெளியே வராத எலும்புகள் இப்படி அழியாது.

ஆகவே கேட்க வேண்டியவற்றைக் கேட்போம். களப்பயணம் பாடத்திட்டத்தில் இருந்தால் அது எல்லா மாணவர்களுக்கும் ஒரே அளவு நாள் இருக்க வேண்டும். உடன் செல்லப் பெண் ஆசிரியரும் தங்க இடமும் ஏற்பாடு செய்வது கல்லூரியின் கடமை, சலுகை இல்லை. பெண்கள் கல்லூரிகளில் ஜியாலஜித் துறை தொடங்க வேண்டும். பள்ளி ஆசிரியைகள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் சாத்தனூருக்கு அழைத்துப் போகட்டும். புதுக்கோட்டை அருங்காட்சியகம் 1910இலிருந்து திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. அதுவும் தூரம் இல்லை. பேராசிரியைகளான நாம், ‘உனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதும்மா’ என்று எந்த மாணவியிடமும் சொல்லாமல் இருப்போம். ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடத் தயங்கும் அப்பாவிடம் பேசுவதற்கு ஒரு மாலை ஒதுக்குவோம்.

மாணவிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தில் விருப்பப் பாடம் என்று மூன்று நான்கு கட்டங்கள் இருக்கும். முதல் கட்டத்தை வீட்டார் நிரப்புவார்கள், தெரியும். ஒரு கட்டத்திலாவது ஜியாலஜி என்று நீங்களே எழுதுங்கள். எதற்கு என்று கேட்டால், இந்த மண்ணை இரண்டாயிரம் வருஷமாகச் சுமந்தாயிற்று, இனி படிக்கப் போகிறேன் என்று சொல்லுங்கள்.